வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

கேள்வி: நான் சிங்கப்பூரில் செங்காங் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை. இது எனக்கு இரண்டாம் ஆண்டு. தொடக்கநிலை 5-இல் 24 பிள்ளைகள், நான்கு வகுப்புகளிலிருந்து என் அறைக்கு வருகிறார்கள். இடைவேளை முடிந்த கையோடு என் பாடம். உட்கார்ந்து புத்தகம் எடுக்கவே பத்து நிமிடம் போய்விடுகிறது. பாதிப் பேர் வீட்டில் ஆங்கிலம்தான். மீதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள், நன்றாகத் தமிழ் தெரிந்தவர்கள். ஆனால் அவர்கள்தான் அதிகச் சத்தம் போடுகிறார்கள். ஒரு பையன் நான் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் ஏதாவது கிண்டலாகச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கிறான். ஆங்கிலத்தில் பேசினால் பத்துக் காசு என்று ஓர் உண்டியல் வைத்தேன், ஒரு பெற்றோர் புகார் செய்துவிட்டார். போன வாரம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. “முதல் மூன்று மாதம் சிரிக்கவே கூடாது, நீ சிரித்துக் கெடுத்துவிட்டாய்” என்கிறார் பக்கத்து அறை ஆசிரியர். அடுத்த மாதம் துறைத் தலைவர் என் பாடத்தைப் பார்க்க வருகிறார். இந்தச் சத்தத்தை எப்படி அடக்குவது?
– பெயர் வேண்டாம் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் தொண்டையைப் பாருங்கள். இந்த வாரம் கத்த வேண்டாம், கிசுகிசுக்கவும் வேண்டாம். கிசுகிசுப்பதும் பலருக்குக் குரலைச் சிரமப்படுத்தும். தண்ணீர் பாட்டிலை மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். சுண்ணாம்புத் தூசி நம் தொழிலை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன, தொண்டைக்கட்டு மட்டும் இன்னும் போகவில்லை.

உங்கள் முழுக் கடிதத்தில் ‘சத்தம்’ என்ற சொல் ஒன்பது முறை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். ‘பேச்சு’ என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மீதி எல்லாம் அதற்கு விளக்கம். நீங்கள் கற்பிப்பது மொழி. 24 பேரும் ஒரு மணி நேரம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அன்று உங்கள் வகுப்பில் ஒருவரும் தமிழ் பேசவில்லை என்று பொருள். அதனால் சத்தத்தை எப்படி அடக்குவது என்று கேட்காதீர்கள். அந்த வாய்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று கேளுங்கள்.

உடனே “சரி, ஆனால் என் வகுப்பை நீங்கள் பார்த்ததில்லையே” என்பீர்கள். பார்த்ததில்லைதான். ஆனால் 30 ஆண்டுக்கு மேல் அதே மாதிரி வகுப்புகளுக்குள் நின்றிருக்கிறேன்.

தமிழ் வகுப்பு ஏன் மற்ற வகுப்புகளைவிட இரைச்சலாக இருக்கிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? தம் சொந்த வகுப்பில் உங்கள் பிள்ளைகள் சுமார் ஆறு பேர்தான். நாளெல்லாம் சீன, மலாய் நண்பர்களோடு ஆங்கிலத்தில் புழங்குகிறார்கள். தாய்மொழிப் பாடம் வந்ததும் ஒரு கூட்டம் லாவ்ஷியிடம் (சீன ஆசிரியர்) போகிறது, ஒரு கூட்டம் சிக்குவிடம் (மலாய் ஆசிரியர்) போகிறது, இவர்கள் உங்களிடம் வருகிறார்கள். அடுத்த வகுப்பில் இருக்கும் சித்தி மகனும், கீழ்மாடித் தோழியும், கோயில் விழாவில் சேர்ந்து ஆடியவளும் ஒரே அறையில் கூடுவது அந்த ஒரு மணி நேரம்தான். அது அவர்களுக்குக் கல்யாண வீடு மாதிரி. கல்யாண வீட்டு வாசலில் நின்று “கையைக் கட்டு, வாயைப் பொத்து” என்றால் யார் கேட்பார்கள்? அவர்கள் உங்களை அவமதிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்த மகிழ்ச்சியில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டு ஆண்டு ஆனது.

அப்புறம், அறையில் இருப்பது ஒரே சத்தம் இல்லை. நாளைக்கு ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நின்று காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு பக்கம், தமிழ் தெரிந்த பிள்ளைகள் கொடுத்த பயிற்சியை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பேசுவார்கள். அது வேலை முடிந்த சத்தம். இன்னொரு பக்கம், கேள்வியே புரியாமல் அழிப்பானை உருட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசுவார்கள். அது புரியாத சத்தம். இரண்டுக்கும் ஒரே அதட்டல் போட்டால் முன்னவர்களுக்குச் சலிப்பும் பின்னவர்களுக்குப் பயமும்தான் கூடும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 3.3 விழுக்காடு. 2020-இல் அது 2.5 ஆகிவிட்டது. எங்கோ அறிக்கையில் இருக்கும் அந்தப் புள்ளிவிவரம்தான் உங்கள் அறையின் இடது பக்க மேசைகளில் உட்கார்ந்து அழிப்பானை உருட்டுகிறது.

ஜேக்கப் கூனின் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர் இருந்தார். தம் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு மாணவர் செய்தித்தாள் விரித்துப் படித்ததைப் பார்த்துக் கண்டித்தார். கண்டிக்கப்பட்டவரைவிட, சும்மா இருந்த மற்றவர்கள் விறைத்துப் போனதைக் கவனித்தார். ஒருவருக்குக் கொடுக்கும் அதட்டல் குளத்தில் போட்ட கல் மாதிரி மற்றவர்மேலும் அலையடிக்கிறது என்பதைப் பல ஆண்டு ஆராய்ந்தார். பிறகு பல வகுப்புகளைக் காணொளி எடுத்து ஒப்பிட்டார். 1970-இல் அவர் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. ஒழுங்கான வகுப்பின் ஆசிரியரும் கலவரமான வகுப்பின் ஆசிரியரும் குறும்பு நடந்த பிறகு செய்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் அதற்கு முன்னால் செய்வதில் இருந்தது. அறையில் எங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கலில்லாமல் நகர்த்துவது, ஒருவரிடம் பேசும்போதே மற்றவர்களையும் கையில் வைத்திருப்பது, இப்படி. நம் பாட்டிகள் ‘முதுகில் கண்’ என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

பக்கத்து அறை ஆசிரியர் சொன்ன ‘சிரிக்காதே’ குறும்பு நடந்த பிறகு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்பதற்கான யோசனை. உங்களுக்குத் தேவை அதற்கு முந்திய பத்து நிமிடத்துக்கான யோசனை.

எனவே வாசலுக்குப் போங்கள். மணி அடித்ததும் மேசையருகே நின்று கணினியை இணைத்துக்கொண்டு இருக்காதீர்கள், அதை இடைவேளையிலேயே முடித்துவிடுங்கள். கதவருகே நின்று, வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே ஒரு வாக்கியம் பேசுங்கள். “முடி வெட்டிட்டியா?” “நேத்து ஏன் வரல?” “பந்து விளையாட்டுல ஜெயிச்சீங்களா?” பதில் ஒரு சொல்லாக இருந்தாலும் போதும். உள்ளே வரும்போதே வாயில் தமிழ் ஏறிவிடும். யார் முகம் சரியில்லை, யார் இடைவேளையில் சண்டை போட்டுவிட்டு வருகிறான் என்பதும் உங்களுக்கு அங்கேயே தெரிந்துவிடும். ‘வ–ண–க்–கம் ஆ–சி–ரி–யர்’ என்று எல்லாரும் எழுந்து நின்று இழுத்துப் பாடுகிறார்களே, அதை நான் நிறுத்தச் சொல்லமாட்டேன், எனக்கு அது பிடிக்கும். ஆனால் அதனால் ஒரு வகுப்பும் தொடங்குவதில்லை.

உள்ளே நுழைந்ததும் திரையில் ஒரு வேலை இருக்க வேண்டும். நீங்கள் விளக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. உணவங்காடிப் படம் ஒன்று, ‘இங்கே நான்கு தவறுகள் உள்ளன, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்’ என்று ஒரு வரி. அல்லது ‘இன்று இடைவேளையில் யார் அதிகம் செலவு செய்தது? மேசையில் விசாரித்து எழுது’. இப்படி ஒன்று வைத்தால் பேசிக்கொண்டே வருகிறவர்களைப் பேச விட்டே பாடத்துக்குள் இழுத்துவிடலாம். மூன்று நிமிடம் போதும். அவர்களின் அந்தக் கல்யாண வீட்டுக் கலகலப்பு உங்கள் பாடத்துக்கு எரிபொருளாகட்டும்.

நான் பார்த்தவரை புதிய ஆசிரியர்கள் இந்த இடத்தில் ஒரு தவறு செய்வார்கள். அடுத்த வேலைக்கு மாறும்போது, சத்தத்துக்கு மேலே சத்தமாக “அமைதி! அமைதி!” என்பார்கள். ஒரு சைகையைப் பழக்குங்கள். நீங்கள் கைதட்டி ஒரு தாளம் போட, அவர்கள் அதையே திருப்பித் தட்டட்டும். கை தட்டும்போது வாய் தானாக நிற்கும். அது நின்ற இரண்டு விநாடிக்குள் அடுத்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு விநாடியில் நீங்கள் புத்தகத்தில் பக்கம் தேடினால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து.

இப்போது நடுப்பகுதி. நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள், யாரும் பதில் சொல்வதில்லை, அந்த இடைவெளியில்தான் கிண்டல் பையன் நுழைகிறான். சரியா? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு நீட்டினாலே பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் திறந்தார்கள். அது பெரும்பாலும் தம் சொந்த மொழியில் பதில் சொன்ன பிள்ளைகளைப் பற்றிய கணக்கு. உங்கள் இடது பக்க மேசைப் பிள்ளை கேள்வியைத் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் யோசித்து, தமிழில் சொல் தேடி, இது சரியா தப்பா என்று பயந்து, பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். ஐந்து விநாடியாவது கொடுங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணும்போது யுகமாகத் தோன்றும், பரவாயில்லை. இன்னும் நல்லது, முதலில் தனியாக யோசிக்க அரை நிமிடம், பிறகு பக்கத்துப் பிள்ளையிடம் சொல்ல ஒரு நிமிடம், அதற்குப் பிறகே வகுப்புக்கு. ஒத்திகை பார்த்த வாக்கியத்தோடு எழுந்து நிற்கிற பிள்ளையும் வெறுங்கையோடு எழுந்து நிற்கிற பிள்ளையும் ஒன்றல்ல.

நீங்கள் எந்தத் தமிழில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். “நீ நேற்று மாலை எங்குச் சென்றாய்?” என்று கேட்டால் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கே அது வேற்றுமொழி. வீட்டில் யாரும் ‘சென்றாய்’ என்பதில்லை. பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்க வேண்டும் என்று இங்கே 2005-லேயே பாடத்திட்ட மறுஆய்வில் பரிந்துரைத்தாகிவிட்டது. இன்னும் நம்மில் பலருக்கு, நின்று பாடம் நடத்தத் தொடங்கியதும் வாய் தானாக மேடைத்தமிழுக்குப் போய்விடுகிறது. எழுதும்போது எழுத்துத்தமிழ், பேசும்போது நல்ல பேச்சுத்தமிழ் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு மேசை சில தொடர்களை அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்: ‘எனக்கு என்ன தோணுதுன்னா…’, ‘நீங்க சொல்றது சரிதான், ஆனா…’, ‘அதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?’ கடைசித் தொடர்தான் அவற்றில் மிக விலை உயர்ந்தது. உண்டியலைப் பற்றிப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்து உட்கார வைப்பது நல்லதுதான். ஆனால் அவர்களை உங்கள் சம்பளமில்லாத உதவியாளர்களாக ஆக்கிவிடாதீர்கள். “நீ முடிச்சிட்டியா? சரி, அவனுக்குச் சொல்லிக் கொடு” என்று தினமும் சொன்னால், முடித்ததற்குத் தண்டனை என்று அவர்கள் புரிந்துகொள்வார்கள். நான் செய்தது இது. தெரிந்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை மட்டும், பதில் சொல்லும் உரிமை மற்றவருக்கு. நிருபர், விருந்தினர் விளையாட்டு. நிருபர் ‘ஆமாம், இல்லை’ என்று பதில் வரும் கேள்வியைக் கேட்கக் கூடாது. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு அப்போதுதான் மூளைக்கு வேலை, ஏனென்றால் எளிதாகவும் சுவையாகவும் கேட்பது பதில் சொல்வதைவிடக் கடினம். தெரியாத பிள்ளைக்கும் தன் சொந்த விஷயத்தைச் சொல்லக் கொஞ்சம் தமிழ் போதும். ஒரே மேசையில் இரண்டு தரத்துக்கும் ஏற்ற வேலை, தனித்தனித் தாள் அச்சிட வேண்டியதும் இல்லை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, பாடத்தை முடிக்க வேண்டாமா என்றால், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழுக்கு 200 மதிப்பெண், அதில் வாய்மொழிக்கு மட்டும் 50. காணொளியைப் பார்த்து உரையாட வேண்டும். அரையாண்டுத் தேர்வும் 2023-க்குள் எல்லா நிலைகளிலும் எடுக்கப்பட்டுவிட்டது. முந்தி அந்தத் தேர்வுக்கும் அதன் திருப்புதலுக்கும் போன வாரங்கள் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன. பேச விடுவதற்கு இதைவிட நல்ல காலம் எனக்கு வாய்த்ததில்லை.

சரி, உண்டியல். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை, நானும் அந்தப் பாவத்தைச் செய்தவள்தான், உங்களைவிட மோசமாக. என் நான்காம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ, ஆங்கிலத்தில் பேசிய பிள்ளைகளை ‘நான் தமிழ் வகுப்பில் தமிழிலேயே பேசுவேன்’ என்று 50 தடவை எழுத வைத்தேன். ஒரு சிறுமி அடுத்த நாள் கொண்டுவந்த தாளைப் பார்த்தால், முதலில் ஒரு பத்தியாக ‘நான் நான் நான்’ என்று 50, அடுத்த பத்தியாக ‘தமிழ் தமிழ் தமிழ்’ என்று 50. நெசவு மாதிரி, செங்குத்தாக எழுதி முடித்திருந்தாள். ‘பேசுவேன்’ பத்தியில் பாதிக்கு மேல் ‘பேசுவேண்’. அந்தத் தாளை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன். தமிழில் எழுதுவதையே தண்டனையாக்கியவள் நான். அதற்குப் பிறகு அவள் கட்டுரை எழுதவில்லை என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

காசும் அப்படித்தான். பத்துக் காசு இருக்கிறவன் ஆங்கிலம் பேசும் உரிமையை விலைக்கு வாங்கிக்கொள்கிறான். இல்லாதவன் வாயையே திறப்பதில்லை. வாயைத் திறக்காதவன் ஆங்கிலமும் பேசவில்லை, தமிழும் பேசவில்லை. உண்டியலுக்குப் பதில் வெண்பலகையின் ஓரத்தில் ‘கடன்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். தமிழ் வாக்கியத்துக்கு நடுவில் ஆங்கிலச் சொல் வந்தால் நிறுத்தாதீர்கள், திருத்தாதீர்கள், வாக்கியம் முடியட்டும். சொன்ன பிள்ளையே எழுந்து போய் அந்தச் சொல்லைக் கட்டத்தில் எழுதட்டும். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாருமாகக் கடனை அடைக்க வேண்டும். லிஃப்ட் என்றால் மின்தூக்கி, எஸ்கலேட்டர் என்றால் மின்படிக்கட்டு, எக்ஸ்பிரஸ்வே என்றால் விரைவுச்சாலை, இதெல்லாம் ஒரு பிள்ளைக்காவது தெரிந்திருக்கும், செய்தியில் கேட்டிருக்கும். தெரியாத சொல்லுக்குச் சண்டை வரும். ‘வாய்ட் டெக்’குக்கு (அடுக்குமாடி வீடுகளின் திறந்த கீழ்த்தளம்) என் வகுப்பில் ஒரு வாரம் சண்டை நடந்தது, முழுச் சண்டையும் தமிழில். சில கடன்களை அடைக்கவே முடியாது, பெரியவர்களுக்கும் அப்படித்தானே. ‘அதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?’ என்று கேட்டவருக்கு அன்று கடன் இல்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். தெரியாததைக் கேட்பது வெட்கமில்லை என்று ஆனபின் ஆங்கிலம் தானாகக் குறையும். மறையாது. மறைய வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது உங்கள் கிண்டல் பையனுக்கு வருவோம். கடிதத்தில் அவன் சொன்ன இரண்டு கிண்டல்களை எழுதியிருந்தீர்கள். மன்னிக்கவும், எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும், அடக்கியிருப்பீர்கள். 23 பேரைச் சரியான நொடியில் சிரிக்க வைக்கிறவன் உங்கள் பேச்சை மற்ற எல்லாரையும்விடக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் கேட்பது பார்வையாளர்களை. நீங்கள் எல்லார் முன்னாலும் அவனோடு வாதாடும்போது, அவன் கேட்டதைத்தான் கொடுக்கிறீர்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். அவனுக்குத் தமிழ் வாசிக்க வருகிறதா? என் வகுப்பில் இப்படி ஒருவன் இருந்தான். வாசிப்பு நேரம் வந்தாலே ஏதாவது செய்து வெளியே போய்விடுவான். நானும் “போய் வெளியே நில்” என்று அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு பருவம் முழுவதும் அவன் நடைபாதையில் நின்றான், நான் கண்டிப்பான ஆசிரியை என்று பெயர் வாங்கினேன். பிறகு ஒரு நாள் வாய்மொழிப் பயிற்சிக்குத் தனியே கூப்பிட்டபோதுதான் தெரிந்தது, உயிர்மெய் எழுத்துகளில் பாதி அவனுக்குப் பிடிபடவில்லை. ‘கொ’வையும் ‘கோ’வையும் ‘கௌ’வையும் ஊகித்துப் படித்துக்கொண்டிருந்தான். வெளியே நிற்பது அவனுக்குத் தண்டனையாக இருந்ததே இல்லை. எல்லார் முன்னாலும் திக்கித் திணறுவதைவிடக் கோமாளி என்று பெயர் எடுப்பது பத்து வயதில் எவ்வளவோ மேல். நான்தான் அவனுக்கு வழி திறந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் பையனைத் தனியே, இரண்டு நிமிடம், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பத்தி படிக்கச் சொல்லுங்கள். திணறினால், அடுத்த நாள் அவன் வாசிக்கப்போகும் நான்கு வரியை முந்தின நாளே அவனிடம் கொடுத்துவிடுங்கள். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். தயார் செய்துகொண்டு வந்து நன்றாக வாசித்துவிட்டு உட்காரும் பையனுக்கு அன்று கிண்டல் தேவைப்படாது. அடிப்படை எழுத்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்றால் துறைத் தலைவரிடம் இப்போதே சொல்லுங்கள், வருகைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நன்றாக வாசிக்கிறான், சும்மா வம்புக்குத்தான் செய்கிறான் என்றால், அவனுக்கு ஒரு மேடை கொடுங்கள். பாடத்தின் கடைசி இரண்டு நிமிடம் அவனுடையது. தமிழில் ஒரு நகைச்சுவை அல்லது விடுகதை சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கிண்டல் வந்தால் அந்த இரண்டு நிமிடம் அன்று கிடையாது. கோபப்படாமல், குரல் ஏற்றாமல், “இன்னிக்கு இல்ல, நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு நகருங்கள். நாளைக்கு மறக்காமல் கொடுங்கள். முதல் வாரம் இரண்டு முறை இழப்பான். உங்கள் பொறுமையைத்தான் அவன் அளந்து பார்க்கிறான்.

அவன் வீட்டுக்கு ஒரு முறை போன் செய்யுங்கள். செயலியில் செய்தி அனுப்புவது எளிதுதான், ஆனால் குரல் வேறு. முதல் அழைப்பு நல்ல செய்தியாக இருக்கட்டும்: “அம்மா, உங்க பையன் இன்னிக்கு ரொம்ப நல்ல கேள்வி ஒண்ணு கேட்டான்.” பள்ளியிலிருந்து போன் வந்தாலே நெஞ்சு படபடக்கும் தாய்க்கு அது பெரிய விஷயம். வீட்டில் பாட்டி இருக்கிறாரா என்றும் கேட்டு வையுங்கள். தமிழ்ப் பாட்டி ஒருவர் இருந்தால் நிருபர் விளையாட்டுக்கு வீட்டிலேயே விருந்தினர் கிடைத்துவிட்டார். திடீரென்று மாறிய பிள்ளை, தூங்கி வழிகிற பிள்ளை, பசியோடு வருகிற பிள்ளை என்றால் அது உங்கள் பாடத்தின் பிரச்சினை இல்லை. வகுப்பாசிரியரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் கொண்டுபோங்கள். தனியாகச் சுமக்காதீர்கள்.

கண்டிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள், அடிக்கோல் முனை பட்ட விரல் முட்டி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இன்று இங்கே பள்ளிகளில் பிரம்படி ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான், அதுவும் முதல்வரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ மட்டுமே செய்யலாம். வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு அந்த உரிமை கிடையாது, நல்லதும்கூட. கண்டிப்பு என்றால் சொன்னதைச் செய்வது, அவ்வளவுதான். மூன்றே விதி வையுங்கள், மீறினால் என்ன என்பது சின்னதாக இருக்கட்டும், ஆனால் எல்லாருக்கும் எல்லா நாளும் ஒன்றாக இருக்கட்டும். “இன்னொரு தடவை பேசினா பாரு” என்று ஐந்து முறை சொல்லி ஒன்றும் செய்யாமல் விட்டு, ஆறாவது முறை வெடிக்கிறோமே, பிள்ளைகள் அதைத்தான் அநியாயம் என்கிறார்கள். நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள்.

கத்திய அன்றைக்கு மறுநாள் அவர்களிடம் ஏதாவது சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால், “அன்னிக்கு நான் கத்தினது சரியில்ல, எனக்கே தொண்டை வலிச்சது” என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். மதிப்பு குறையுமோ என்று பயப்படாதீர்கள், குறையாது.

துறைத் தலைவர் வரும் நாளுக்காகத் தனியாகப் பாடம் ஜோடிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும், “ஆசிரியர், இன்னிக்கு ஏன் எல்லாம் புதுசா இருக்கு?” என்று அவர் முன்னாலேயே கேட்பார்கள். என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாறாக, உட்காரும் வரைபடம் ஒன்றை 24 கட்டமாகப் போட்டு அவரிடம் கொடுங்கள். ஒரு பிள்ளை தமிழில் ஒரு முழு வாக்கியம் சொல்லும்போதெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பாடம் முடிந்தபின் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். அவர் வருவதற்கு முன்னால் நீங்களே ஒரு முறை, கைப்பேசியில் குரலை மட்டும் பதிவு செய்து, பள்ளி அனுமதியோடு, எண்ணிப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. எச்சரிக்கை செய்துவிடுகிறேன், அந்தப் பதிவில் அதிகம் கேட்கப்போவது உங்கள் குரல்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது, இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் ஒரே வாரத்தில் வராது. வாசலில் நிற்பதையும் திரையில் வேலை வைப்பதையும் நாளைக்கே தொடங்குங்கள். கடன் கட்டம் அடுத்த வாரம். நிருபர் விளையாட்டு அதற்கும் அடுத்த வாரம். முதல் சில நாள் சத்தம் கூடும், பயந்து விட்டுவிடாதீர்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். உண்டியலில் சேர்ந்த காசை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளை மேசைமேல் கொட்டி எண்ணச் சொல்லுங்கள், பத்து, இருபது, முப்பது என்று தமிழில். யாருக்கு எவ்வளவு என்று அவர்களே வழக்காடித் தீர்த்துக்கொள்ளட்டும். அந்தக் கிண்டல் பையனைக் கணக்கராக வையுங்கள், அதிகம் போட்டது அவனாகத்தான் இருக்கும்.